திருவாதிரை வெடித்தால் கடல் வருமா?

மார்கழி பிறந்தால் போதும், அந்த வட்ஸ்அப் குரற்பதிவு மறுபடி கிளம்பிவிடும். திருவாதிரை நட்சத்திரம் வெடிக்கப் போகுதாம், நச்சு வாயு பூமிக்கு வருமாம், கடல் பொங்குமாம். 2004இல் கடல் ஏறி வந்த ஊர் காரைதீவு. இங்கே கடலைச் சொல்லிப் பயங்காட்டுகிறவரை எனக்குப் பொறுக்காது. போன கிழமை மீன் வாங்கப் போன இடத்திலும் கேள்வி: “சேர், நீங்க கெமிஸ்ட்ரிதானே, அந்த வாயு மெய்தானே?”

வாயு மெய்தான். முதிர்ந்த நட்சத்திரம் தன் மேற்புற வாயுவை வெளியே ஊதித் தள்ளும். அது ஆற ஆற அணுக்கள் சேர்ந்து மூலக்கூறுகளாகும். மகம் இருக்கிற சிம்மத்தில் ஐஆர்சி +10216 என்றொரு காபன் நட்சத்திரம். அதைச் சுற்றி 80க்கு மேற்பட்ட மூலக்கூறுகளைக் கண்டிருக்கிறார்கள். நச்சான ஐதரசன் சயனைட்டும் அதில் உண்டு. யாரோ தலைப்பை மட்டும் வாசித்திருக்கிறார்! அதே இடத்தில் 1987இல் வானியலாளர்கள் செர்னிகாரோவும் கெலினும் நம் கறியுப்பையே, சோடியம் குளோரைட்டை, வாயுவாகக் கண்டார்கள். ‘உப்பு வருகுது, ஓடுங்கோ’ என்று ஒருவரும் பதிவு போடவில்லை.

கணக்கைப் பாருங்கள். திருவாதிரை ஊதும் வாயுவின் வேகம் விநாடிக்குச் சுமார் 15 கிலோமீற்றர். ஒளியோ 3 இலட்சம். 20,000 மடங்கு மெதுவு. தூரத்தை 600 ஒளியாண்டு என்று வைத்தாலும் இங்கே வர 1 கோடியே 20 இலட்சம் வருடம். அதற்குள் பரந்து ஒன்றுமில்லாமல் போய்விடும். நம் மரவள்ளிக்கிழங்கில் இருக்கிற சயனைட்டுக்குப் பயப்படுங்கள், அதையாவது அவித்து ஊற்றலாம். வெடித்தாலும் அத்தனை தூரத்திலிருந்து நம் கடலை அசைக்காது. பல மாதம் பிரகாசமாகத் தெரியும், அவ்வளவுதான்.

இந்தக் கதையை நான் முதலில் கேட்டது 2020இல். 2019 கடைசியில் மங்கத் தொடங்கிய திருவாதிரை, பெப்ரவரியில் வழமையான வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியிருந்தது. சாகப்போகுது என்றார்கள். லெவெஸ்க், மாசி என்ற வானியலாளர்கள் இருவரும் அதன் நிறமாலையில் தைத்தேனியம் ஒட்சைட்டின் பட்டைகளைப் பார்த்தார்கள். நட்சத்திரம் குளிரக் குளிர அந்தப் பட்டைகள் தடிக்கும். வெப்பநிலை 3,600 கெல்வின். மங்கலுக்குக் காரணம் சொல்லுமளவு குளிரவில்லை. அது கக்கிய வாயு தூசாகி முகத்தை மறைத்ததுதான் விஷயம். சிலிக்கனும் ஒட்சிசனும் கலந்த தூசு, நம் கடற்கரை மணலுக்குச் சொந்தக்காரன்.

‘நட்சத்திரம் நெருப்பு, அதில் சேர்வை எப்படி’ என்பவருக்கு மேலே சொன்ன தைத்தேனியம் ஒட்சைட்டுப் பட்டையே பதில், அது சேர்வைதானே. 

ஒளியைப் பிரித்துப் பார்த்துப் பொருளை அறிவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு மதுசார விளக்கு, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பழைய சீடி போதும். சுவாலை மஞ்சளாகும், சீடியில் சோடியத்தின் கோடு பளிச்சென்று நிற்கும். இதற்காகப் பக்கத்தில் ஒரு பாடசாலைக்குப் போனேன். விளக்குகள் இருந்தன, பூட்டிய அலுமாரிக்குள். திறப்பு அதிபரிடமாம். அதிபர் கூட்டத்துக்குப் போயிருந்தார்.