தொட்டிச் செடியும் பாளையங்கால்வாயும்

மீன் தொட்டி வாங்குறவங்க பெரும்பாலும் கூடவே ரெண்டு பிளாஸ்டிக் செடியும் வாங்கிட்டு வந்துருவாங்க. அது சாகாது. அதோட நல்ல குணம் அது ஒண்ணுதான். உயிர்ச்செடி சும்மா நிக்காது, வேலை செய்யும். மீன் கழிவுல இருந்து வர்ற அம்மோனியா மீனுக்கே விஷம். தொட்டியில வளர்ற பாக்டீரியா அதை நைட்ரைட்டா, அப்புறம் நைட்ரேட்டா மாத்தும். செடி அம்மோனியாவையும் எடுத்துக்கும், நைட்ரேட்டையும் எடுத்துக்கும். சிவில் பசங்க படிக்கிற கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் மாதிரிதான், சைஸ்தான் ரெண்டு அடி.

வீடியோ பார்த்து ஆரம்பிக்கிறவங்களுக்கு முதல் சிக்கல் வெயில். வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் 24 டிகிரி, 25 டிகிரின்னு சொல்லி, அதுக்கு ஹீட்டர் வேற வாங்கச் சொல்வாங்க. திருநெல்வேலியில மே மாசம் தொட்டித் தண்ணி 31, 32-ஐ சாதாரணமாத் தொடும். 25 டிகிரியில ஒரு லிட்டர் தண்ணி சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடிச்சு வைக்கும். 32 டிகிரியில அது சுமார் 7.3-தான். ராத்திரி லைட் அணைஞ்ச பிறகு செடியும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும். அதனால "செடி இருக்கே, ஏர் பம்ப் எதுக்கு"ன்னு ராத்திரி பம்பை நிறுத்தாதீங்க. காலையில மீன் எல்லாம் மேல வந்து வாயைத் திறந்துட்டு நிக்கும்.

தொட்டியை மேற்குப் பக்க ஜன்னல் ஓரமா வைக்கவே வேண்டாம். மேல் மூடியைக் கொஞ்சம் திறந்து, தண்ணி மேல காத்து படுற மாதிரி ஒரு சின்ன ஃபேன் வைங்க. மண்பானைத் தண்ணி குளிர்ற அதே கணக்கு, ரெண்டு மூணு டிகிரி குறையும். தண்ணி சீக்கிரம் வத்தும்தான், ஊத்திக்கலாம். ஆனா வத்தும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிரும். அதனால ஊத்துனா மட்டும் போதாது, வாரம் ஒருதடவை கால்வாசித் தண்ணியை மாத்தணும். குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கும். வாளியில பிடிச்சு ஒருநாள் திறந்து வச்சு அப்புறம் ஊத்துங்க.

எந்தச் செடி? சூட்டுக்குப் பயப்படாத நாலு போதும். வாலிஸ்நேரியா, புல்லு மாதிரி நீளமா வளரும், கொஞ்சம் உப்பான போர் தண்ணியிலயும் நிக்கும். ஹைட்ரில்லாவை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஸ்கூல்ல புனலைக் கவுத்தி மேல டெஸ்ட் டியூப் வச்சு ஒளிச்சேர்க்கைன்னு குமிழி காட்டுவாங்களே, அதே பாசிதான். அனுபியாஸ் ரொம்ப மெதுவா வளரும், வெளிச்சம் கம்மியா இருந்தாலும் கோவிச்சுக்காது. ஆனா அதோட தடிச்ச தண்டை மணலுக்குள்ள புதைச்சா அழுகிரும். ஒரு கல்லு மேல வச்சு நூலால கட்டிவிட்டா வேர் தானா கல்லைப் பிடிச்சுக்கும். நாலாவது கிரிப்டோகோரைன். கடையில அதிகம் கிடைக்கிற வென்டிட்டி வகைக்குச் சொந்த ஊர் இலங்கை, நம்ம பக்கத்து வீடு. புதுத் தொட்டியில வச்ச ஒரே வாரத்துல அதோட இலை எல்லாம் கரைஞ்சு போகலாம். செத்துப்போச்சுன்னு பிடுங்கிடாதீங்க. வேர் நல்லா இருந்தா புது இலை வரும்.

லைட் ஒரு நாளைக்கு ஆறுல இருந்து எட்டு மணி நேரம் போதும். பத்து மணி நேரம் எரிய விட்டா செடி ரெண்டு மடங்கு வளராது, கண்ணாடியில பாசிதான் ரெண்டு மடங்கு படியும். உரம், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் எல்லாம் இந்த நாலுக்கும் தேவையில்ல. மீன் போடுற உரமே மிச்சம்.

இனி யாரும் சொல்லாத பகுதி. ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா எல்லாம் நல்லா வளர்ந்தா ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை வெட்டித்தான் ஆகணும். வெட்டுனதை எங்க போடுறது? நிறையப் பேர் சாக்கடையில, இல்லைன்னா பக்கத்து வாய்க்கால்ல. "செடிதானே, தண்ணியில கிடந்தது தண்ணிக்கே போகட்டும்"னு ஒரு நல்லெண்ணம்.

ஈசி பிளாண்ட்னா என்ன அர்த்தம்? என்ன பண்ணாலும் சாகாதுன்னு அர்த்தம். ஒரு கணு ஒடிஞ்சு விழுந்தாக்கூட ஹைட்ரில்லா அதுல இருந்து முளைக்கும். 1950-கள்ல அக்வேரியம் வியாபாரத்துல அமெரிக்காவுல இருக்குற புளோரிடாவுக்குப் போச்சு. 1960 வாக்குல அங்க ஓடை, கால்வாய்ல எல்லாம் பரவ ஆரம்பிச்சது. இன்னைக்கு வரைக்கும் காசு செலவழிச்சு எடுத்துட்டு இருக்காங்க. நம்ம ஸ்கூல் லேப் பாசி அங்க போய் வில்லன் ஆயிருச்சு.

இங்க அதோட தலைகீழ் கதை. தென் அமெரிக்காவுல இருந்து பூ அழகா இருக்குன்னு கொண்டு வந்ததுதான் ஆகாயத்தாமரை. அதைத் தடுக்க இலங்கையில 1909-லயே சட்டம் போட்டாங்க, வங்காளத்துல 1936-ல. கேரளாவுல கோழிக்கோடு பக்கம் ஆவளப்பாண்டியில 2020-ல வாய்க்கால் முழுக்க ரோஸ் கலர்ல பூத்திருக்குன்னு ஜனங்க கூட்டம் கூட்டமா செல்ஃபி எடுக்கப் போனாங்களே, அது கபோம்பா. அதுவும் அக்வேரியத்துல வளர்க்கிற அமெரிக்கச் செடிதான்.

நம்ம ஆறு பொதிகையில பிறந்து புன்னக்காயல்ல கடல் சேர்ற வரைக்கும் சுமார் 128 கிலோமீட்டர். வழியில எட்டு அணைக்கட்டு. பழவூர்ல பாளையங்கால்வாய் பிரியுது, சுத்தமல்லியில நெல்லைக் கால்வாய் பிரிஞ்சு டவுனுக்குள்ள நயினார்குளம் வரைக்கும் வருது. கார், பிசானம் ரெண்டு போகத்துக்கும் இந்தத் தண்ணிதான். கால்வாய்ல ஒரு இடத்துல ஆகாயத்தாமரை அடைச்சா மேல இருக்கிறவன் வயல்ல தண்ணி ததும்பும், கடைமடைக்காரன் வயல் வெடிக்கும். டவுன்ல வாய்க்கால் ஓரத்துல நடந்தாலே அந்தப் பச்சைப் பாயைப் பார்க்கலாம். இதுல நம்ம தொட்டிச் செடியும் எதுக்கு?

செய்ய வேண்டியது ஈசி. வெட்டுன செடியை மொட்டை மாடியில பழைய பேப்பர் மேல பரப்புங்க. நம்ம ஊரு வெயிலுக்கு இங்கதான் வேலை. ரெண்டு மூணு நாள்ல அப்பளம் மாதிரி நொறுங்கும். நொறுக்கிப் பூந்தொட்டியில போட்டுரலாம். தொட்டியில இருந்து எடுக்கிற தண்ணியையும் செடிக்கே ஊத்துங்க, முருங்கையோ கருவேப்பிலையோ, அதுல இருக்கிற நைட்ரேட்டுக்கு நல்லா வரும். கடையில இருந்து புதுச்செடி வாங்குனா ஒரு வாரம் தனி வாளியில வச்சுப் பாருங்க. நத்தை முட்டை, கூடவே ஒட்டிட்டு வந்த வேற ஏதாவது செடி எல்லாம் அதுக்குள்ள தெரிஞ்சுரும்.

வெட்டுனது நல்ல செடியா இருந்தா காயப்போடவும் வேண்டாம், தொட்டி வச்சிருக்கிற இன்னொருத்தருக்குக் கொடுங்க. எங்க ஹாஸ்டல்ல ஒரு கட்டு வாலிஸ்நேரியாவுக்கு ஒரு டீ, ஒரு வடை. அனுபியாஸ்னா ரெண்டு வடை.