விடுவிக்கப்பட்ட குடும்பத்திற்குத் துணை

செங்கல் சூளையிலோ, அரிசி ஆலையிலோ முன்பணத்திற்குக் கட்டுண்டு கிடந்த இருளர் குடும்பமொன்று விடுவிக்கப்பெற்று நம் ஊருக்கு வருகிறதென வைத்துக் கொள்வோம். அக்குடும்பத்திற்குத் துணை நிற்கும் ஊழியரின் வேலை, உண்மையில், அன்றுதான் தொடங்குகிறது.

முதலில் அவர் கேட்கக் கற்றவராக இருத்தல் வேண்டும். முதலாளியின் ஆள் அருகில் நிற்கையில் விசாரித்தால், "குறையொன்றுமில்லை" என்பதே விடையாகும். தனியிடத்தில், பொறுமையாகக் கேட்டல் அவசியம்.

அடுத்தது விடுதலைச் சான்று. குடும்பத் தலைவருக்கு மட்டும் ஒன்று பெற்றுத் திருப்தியடைதல் கூடாது. கணவனோடு மண் மிதித்த மனைவியும் தொழிலாளியே. அவளுக்கும் தனிச் சான்று வேண்டும்.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அம்முன்பணக் கடன் அறவே நீங்கிவிட்டது. "வாங்கியதைத் திருப்புவதுதானே நியாயம்?" என்று கேட்கும் குடியானவர்கள் நம்மிடையே பலர் உண்டு. நீங்கிய கடனுக்கென ஒரு ரூபாய் பெற்றுக்கொள்வதும் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதை அவர்கள் அறிதல் நலம்.

உடனடி உதவியாக ரூ.30,000 வரை வழங்கத் திட்டம் உண்டு. ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் சிறுவர்க்கும் 2 லட்சம் என்ற பெருந்தொகையோ பெரும்பாலும் வழக்கு முடியுமளவும் காத்திருக்கும். இடையில் அடுப்பு எரியாவிடில் குடும்பம் மீண்டும் முன்பணத்தையே நாடும். ஆகவே குடும்ப அட்டை, சாதிச் சான்று, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றை ஊழியர் அவர்களுடன் நடந்தே முடிக்கிறார்.

மாவட்டத்திலும் கோட்டத்திலும் விழிப்புக் குழுக்கள் உள்ளன. அவற்றிற்கு எழுத ஊழியர் வரும் வரை பொறுக்க வேண்டியதில்லை. பஞ்சாயத்துத் தலைவரே எழுதலாம்.