மண்டையோட்டின் அடித்தள வேற்றுமைகள்

மண்டையோட்டின் மேற்கவிகையை யாவரும் அறிவர். மூளை தங்கியிருக்கும் அதன் அடித்தளமோ, நரம்புகளும் குருதிக்குழாய்களும் புகுந்து வெளிப்படும் துளைகள் பல உடையதாய்க் காண்டற்கரிய இடத்தே அமைந்தது. அதன் நடுவே ஆப்பெலும்பு என்பதொன்று உண்டு. அவ்வெலும்பின் மேலுள்ள பள்ளத்திற்கு மேனாட்டார் இட்ட பெயர் துருக்கிச் சேணம். அச்சேணத்தில் அமர்ந்திருப்பது கபச்சுரப்பி. மூளையின் கழிவு கபமாகி மூக்கின் வழியே இறங்குகின்றது எனப் பண்டைக் கிரேக்க வைத்தியர் கருதினர். கபத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே சுரப்பிக்கும் பெயராயிற்று. கருத்துப் பிழைபட்டும் பெயர் நிலைத்தது. தமிழிலும் அதுவே வழங்குகின்றது.

கபம் இறங்காத அவ்வழியே கத்தி ஏறியது வியப்பன்றோ! 1907-ஆம் ஆண்டில், ஆஸ்திரியாவிலுள்ள இன்ஸ்புரூக் நகரில், ஷ்லோபர் என்பார் மூக்கைத் திறந்து அதன் வழியாய்க் கபச்சுரப்பிக் கட்டியை முதன்முதல் அகற்றினார்.

இவ்வழிச் செல்வோர் ஆப்பெலும்பினுள் இருக்கும் காற்றறையைக் கடத்தல் வேண்டும். பிறந்த குழவிக்கு அவ்வறை இல்லை. வளருந்தோறும் காற்றுப் புகுந்து எலும்பைக் குடையும். அக்குடைவு எல்லார்க்கும் ஒரே அளவினதன்று. பெரும்பாலார்க்குச் சேணத்தின் கீழ்வரை பரந்து அதன் தரையை மெல்லிய தகடாக்கும். சிலர்க்குச் சேணத்தின் முன்னரே நின்றுவிடும். மிகச் சிலர்க்கு எலும்பு திண்ணிதாகவே இருக்கும். இவ்விறுதி வகையினரிடத்து எலும்பைத் தேய்த்துத் தேய்த்தே வழி காணல் வேண்டும். திசை காட்டும் அடையாளமும் அங்கு அரிது.

அறையினுள் ஓர் இடைச்சுவர் உண்டு. நூற்படங்களில் அது நடுவே நேராய் நிற்கும். மெய்யான தலைகளிலோ பெரும்பாலும் ஒருபுறம் சாய்ந்திருக்கும். சிலவற்றில் மூளைக்குக் குருதி கொணரும் பெருந்தமனியின் எலும்புறையிலேயே சென்று பொருந்தும். அதனை முறித்துத் திருகுவோர் தமனியையே கிழித்தல் கூடும். சிலரிடத்து அவ்வெலும்புறையும் குறைந்து, தமனிக்கும் அறைக்கும் இடையே மெல்லிய சவ்வே நிற்கும். பூடபெஸ்ட் நகரத்து ஓனோடி என்னும் அறிஞர் விளக்கிய வேற்றுமை பிறிதொன்று: சல்லடையெலும்பின் கடைசி அறை சிலர்க்கு ஆப்பெலும்பின் மேலாகப் பின்னோக்கி நீண்டு, பார்வை நரம்பை அடுத்து நிற்கும். அதனை அறியாது சுவரை உடைப்பின் கண்ணொளிக்கே கேடாம்.

மணநரம்புகள் தங்கும் பள்ளத்தின் ஆழத்தையும் கேரோஸ் என்பார் 1962-இல் 1 முதல் 3, 4 முதல் 7, 8 முதல் 16 மில்லிமீட்டர் என மூவகைப்படுத்தினர். ஆழம் மிகுந்தோறும் மெலிந்த பக்கச்சுவர் உயர்ந்து நின்று கருவிக்கு எளிதில் இடங்கொடுக்கும்.

ஏடுதோறும் பாடம் வேறுபடுதலைத் தமிழ் பயிலும் யாம் நன்கறிவோம். அச்சிட்ட பாடமொன்றையே நம்பி ஏட்டைத் திருத்துவார் உளராயின் அவரை நகைப்போம். தலையிலோ அப்பிழை உயிரைக் கொள்ளும். 1971-இல் இலண்டனில் நோயாளி ஒருவர்க்கு முதன்முதல் கணினிவழித் தலைப்படம் எடுக்கப்பட்டது. அதற்கு முன் வைத்தியர்க்கு எக்ஸ்-ரே நிழற்படமும் தம் கைப்பழக்கமுமே பெருந்துணை. இன்று அவரவர் தலையின் படத்தை முன்வைத்தே வழி வகுக்கின்றனர். இடைச்சுவர் தமனியின்பால் சாய்ந்திருக்கக் கண்டால், அதனைத் திருகாது சிறுகச் சிறுகத் தேய்த்தே எடுக்கின்றனர்.