மாறாத கதவு: புகைப்படத்தில் காலத்தைப் பதிவுசெய்தல்

என் பாட்டி குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் தங்ளின் ஹால்ட்டில் பத்து மாடிக் கட்டடம் ஒன்றில் வாழ்ந்தவர். ஒவ்வொரு தீபாவளிக் காலையிலும் மாமா அவரை வாசலின் இரும்புக் கதவை ஒட்டி நிற்கவைத்து ஒரு படம் எடுப்பார். ஒன்றே ஒன்றுதான். தாழ்வாரம் குறுகலானது. மாமாவின் முதுகு எதிர்ச்சுவரில் முட்டிக்கொண்டிருக்கும். “வேறு மாதிரி எடுக்கக் கூடாதா மாமா?” என்று நாங்கள் கேலி செய்வோம். “நீ வளர்ந்ததும் எடு” என்பார்.

2009இல் நான் பல்கலைக்கழக மாணவன். பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் நல்ல கேமரா ஒன்றை வாங்கினேன். அந்தத் தீபாவளிக்குப் படமெடுக்கும் பொறுப்பையும் மாமாவிடமிருந்து வாங்கிக்கொண்டேன். அடுத்த மூன்று ஆண்டுகள் என் கைவண்ணம்தான்: விளக்கொளியில் பாட்டியின் பாதி முகம், முறுக்குப் பிழியும் கைகள், சன்னலோரத்தில் ஒரு நிழல். எல்லாரும் பாராட்டினார்கள். 2012இல் நான் ஊரில் இல்லாததால் மாமா மீண்டும் கதவோரப் படத்துக்கே திரும்பினார்.

2014இல் ‘செர்ஸ்’ எனப்படும் ஒட்டுமொத்த மறுமேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் தங்ளின் ஹால்ட்டில் 31 புளோக்குகள் இடிக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அவற்றுள் பாட்டியின் புளோக்கும் ஒன்று. சில ஆண்டுகளில் அவர் புது வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். அங்கேயே காலமானார். காரியம் முடிந்த மாலையில் மாமாவின் படங்களை மேசைமேல் ஆண்டுவாரியாக அடுக்கினோம். முதல் படத்தில் பாட்டியின் தலை கதவின் நான்காவது குறுக்குக் கம்பியைத் தொட்டது. கடைசிப் படத்தில் ஐந்தாவது கம்பிக்கும் கீழே இருந்தது. 2008வரை நிமிர்ந்து நின்றவர் 2012இல் கூனியிருந்தார். இடையில் எந்த ஆண்டில் அவர் முதுகு வளையத் தொடங்கியது? அதைச் சொல்ல வேண்டியவை என்னுடைய மூன்று படங்கள். அவற்றால் சொல்ல முடியவில்லை.

அன்று நான் கற்றது இதுதான்: மாறாத ஒன்று படத்தில் இருந்தால்தான் மாறியது எது என்று நமக்குத் தெரியும். இந்த அடிப்படையைப் புகைப்படக் கலையின் வரலாற்றோடும் செய்முறையோடும் இணைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே படத்துக்குள் காலம்

பிரான்சைச் சேர்ந்த நீப்ஸ் 1826 அல்லது 1827இல் தம் வீட்டுச் சன்னல் வழியே எடுத்த காட்சியே இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய கேமராப் படம். அதில் இருபுறச் சுவர்களிலும் வெயில் விழுந்திருக்கிறது. ஒளி பதியப் பல மணி நேரம் பிடித்ததால் கிழக்கு வெயிலும் மேற்கு வெயிலும் ஒரே தகட்டில் ஏறிவிட்டன. கேமரா அசையாமல் நின்றது, சூரியன் நகர்ந்தது. அந்த நகர்வே படமாயிற்று.

1838இல் டகேர் பாரிஸ் நகரின் ஒரு பெருவீதியைப் படமெடுத்தார். வண்டிகளும் மக்களும் நிறைந்த அந்த வீதி படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. நகர்ந்தவை எவையும் பதியும் அளவுக்கு ஓரிடத்தில் நிற்கவில்லை. காலணியைத் துடைக்கக் கொடுத்துவிட்டு நின்ற ஒருவரின் உருவம் மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

இந்த உத்தியை நாமும் கையாளலாம். கேமராவை முக்காலியில் பொருத்தி, ஷட்டர் 1 விநாடி திறந்திருக்குமாறு வைத்து, எம்ஆர்டி ரயில் புறப்படும்போது எடுத்துப் பாருங்கள். நடைமேடையும் தூண்களும் கூர்மையாக இருக்கும், ரயில் ஒரு கோடாக நீளும். அதையே விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்தால் ரயில் நின்றுவிட்டதுபோல் தோன்றும். முக்காலி இல்லாமல் கை நடுங்கினால் எல்லாமே கலங்கும். அப்போது எது நகர்ந்தது என்று சொல்ல இயலாது.

பல படங்களில் காலம்

பாயும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுமா என்பது நெடுநாள் விவாதம். 1878இல் கலிஃபோர்னியாவில் மைபிரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக வைத்து இதற்கு விடை கண்டார். எழுகின்றன, ஆனால் ஓவியர்கள் வரைந்ததுபோல் கால்கள் முன்னும் பின்னும் நீண்டிருக்கும்போது அன்று, வயிற்றுக்கடியில் அவை ஒன்றுசேரும்போது. கேமராக்களுக்கு இடையிலான தூரம் சமமாக இருந்ததால்தான் அந்தப் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடிந்தது.

இன்று இதைத் தலைகீழாக்கி, நீண்ட நேரத்தைச் சுருக்கிக் காட்டுகிறோம். 10 விநாடிக்கு ஒரு படம் என எடுத்தால் ஒரு மணி நேரத்தில் 360 படங்கள் கிடைக்கும். விநாடிக்கு 25 படங்கள் வீதம் ஓட்டினால் அந்த ஒரு மணி நேரம் 14 விநாடிகளில் ஓடிவிடும். மேகத்துக்கு இது பொருந்தும். செடி வளர்வதைக் காட்ட இடைவெளியை நிமிடக்கணக்கில் கூட்ட வேண்டும். வெளிச்ச அமைப்பைக் கேமராவே மாற்றிக்கொள்ள விட்டால் படம் மின்னி மின்னி ஓடும். எனவே அதையும் கையால் நிலைநிறுத்துவது நல்லது.

ஆண்டுக்கணக்கில் காலம்

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் நிக்கலஸ் நிக்சன் 1975 முதல் தம் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் 40 ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டுதோறும் படமெடுத்தார். நால்வரும் எப்போதும் ஒரே வரிசையில் நிற்பார்கள். இடம் மாறும், உடை மாறும், வரிசை மட்டும் மாறாது. பார்ப்பவர் கண் தேடாமலே ஒரு முகத்திலிருந்து அதன் அடுத்த ஆண்டுக்குத் தாவுகிறது. என் மாமாவுக்கு நிக்சனைத் தெரியாது. குறுகலான தாழ்வாரம் அவருக்கு அதே ஒழுங்கைக் கற்றுக்கொடுத்திருந்தது.

பழைய படம் ஒன்றை வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்று மீண்டும் எடுப்பது இன்னொரு முறை. தங்ளின் ஹால்ட்டை ஒட்டி ஓடிய மலாயன் ரயில் 2011 ஜூன் 30 இரவோடு நின்றது. தண்டவாளம் இருந்த தடம் இன்று நடைபாதை. பழைய படத்தில் அருகிலுள்ள ஒரு பொருளையும் தொலைவிலுள்ள ஒன்றையும் தேர்ந்தெடுங்கள், பாலத்தின் தூண், பின்னாலுள்ள கட்டடத்தின் மூலை என. இரண்டும் படத்தில் உள்ளதுபோலவே ஒன்றையொன்று மறைக்கும்வரை இடமும் வலமும் நகருங்கள். அதுவே பழைய புகைப்படக்காரர் நின்ற கோடு. பொருள்களின் அளவு ஒத்துவரும்வரை முன்னும் பின்னும் நடந்தால் அவர் நின்ற இடமே கிடைத்துவிடும். நிழலின் நீளத்தைக் கொண்டு அவர் எடுத்த நேரத்தையும் ஓரளவு கணிக்கலாம்.

பெயரும் நாளும்

மாமா ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் ஆண்டை எழுதியிருந்தார். இன்றைய கேமரா நாளையும் நேரத்தையும் கோப்பிலேயே பதிகிறது என்று நாம் அலட்சியமாக இருக்கிறோம். கேமராவின் கடிகாரம் தவறாக இருந்தால் குறிப்பும் தவறு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அக்குறிப்பு நீங்கிவிடுகிறது. ஆகவே மூலக்கோப்பை வைத்திருங்கள். கோப்பின் பெயரிலேயே நாளையும் இடத்தையும் படத்திலிருப்பவர் பெயரையும் எழுதுங்கள். பெயர் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

நிறைவாக

நம் பேரவைச் செயற்குழு ஆண்டுதோறும் படமெடுத்துக்கொள்கிறது. ஒருமுறை படிக்கட்டில், ஒருமுறை மேடையில், ஒருமுறை உணவகத்தில். இனிமேல் ஓரிடத்தை முடிவுசெய்து, அதே மாதத்தில், அதே தொலைவிலிருந்து எடுக்கலாமே. முதல் ஐந்து ஆண்டுகள் சலிப்பாகத்தான் இருக்கும். இருபதாம் ஆண்டில் அதை எடுத்துப் பார்ப்பவர்கள் நமக்கு நன்றி சொல்வார்கள்.

வீட்டிலிருந்தும் தொடங்கலாம். இந்த வாரம் உங்கள் தாத்தாவையோ பாட்டியையோ கதவோரம் நிற்கவைத்து ஒரு படம் எடுங்கள். எங்கே நின்று எடுத்தீர்கள் என்பதைக் குறித்துவைத்து, அடுத்த ஆண்டும் அங்கேயே நில்லுங்கள். மாமாவின் ஆல்பத்தில் 2008க்கும் 2012க்கும் இடையில் மூன்று வெற்றிடங்களை விட்டிருக்கிறேன். என்னிடமுள்ள அழகான படங்கள் எவையும் அங்கே பொருந்தவில்லை.