ஃபைபர் போட்டில் கொப்புளமா? பூசும் முன் குத்திப் பாருங்கள்

2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையில் கட்டுமரம் கிடந்த இடங்களை ஃபைபர் போட் வேகமாகப் பிடித்துக்கொண்டது. எடை குறைவு, ஓட்டம் அதிகம். மரத்துக்கு உளுப்பு என்றால் இதற்குக் கொப்புளம். அடிப்பக்கத்தில் மிளகளவில் தொடங்கி ஐந்து ரூபாய்க் காசளவுக்குப் புடைக்கும். இதனால் போட் சட்டென்று முழுகிவிடாது. அவசர வைத்தியம்தான் பெரும்பாலும் அதைக் கெடுக்கிறது.

செய்ய வேண்டியவை

• கரையேற்றிய அன்றே கொப்புளங்களைச் சுற்றி மெழுகுப் பென்சிலால் வட்டம் போடுங்கள். காயக் காயச் சின்னதெல்லாம் அமுங்கிவிடும். பிறகு தேடினால் கிடைக்காது, கோளாறு மட்டும் உள்ளேயே இருக்கும்.

• நாலைந்தைக் குத்திப் பாருங்கள். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் கட்டாயம். ஒருமுறை ஆணியால் குத்தியபோது உள்ளிருந்தது பீய்ச்சியடித்து என் மூக்குக்கண்ணாடி முழுக்கத் தெறித்தது. வருவதை முகர்ந்து பாருங்கள். காடி நெடி அடித்து, தொட்டால் வழவழவென்று இருந்து, நீல லிட்மஸ் தாள் சிவந்தால் அது ஆஸ்மோசிஸ். வெளிப்பூச்சான ஜெல்கோட்டைத் தாண்டிப் போன தண்ணீர், முழுசாக இறுகாத ரெசினின் மிச்சத்தையும் கண்ணாடி இழை மேட்டில் (mat) உள்ள பசையையும் கரைக்கிறது. அந்தக் கரைசல் மேலும் தண்ணீரை இழுக்கிறது. வெறும் தண்ணீர் வந்து, அடியில் ஜெல்கோட் முழுசாக இருந்தால் பெயிண்டு மட்டும்தான் கிளம்பியிருக்கிறது. சுரண்டித் திரும்ப அடித்தால் போதும். ஒன்றுமே வராமல் உலர்ந்த குழி தெரிந்தால், கட்டும்போது சரியாக ரோலர் ஓட்டாமல் சிக்கிய காற்றாக இருக்கலாம்.

• காசால் தட்டிக்கொண்டே போங்கள். சுற்றிலும் 'டக் டக்' கேட்டு ஓரிடத்தில் மட்டும் 'தொப்' என்றால், உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது. நடுவில் ஃபோம் வைத்த போட்டில் இது கொப்புளத்தைவிடப் பெரிய தலைவலி. விவரமான ஆளைக் கூப்பிடுங்கள்.

• கிரைண்டரில் திறந்து நல்ல தண்ணீரால் பல நாள் கழுவுங்கள், வெந்நீர் இன்னும் நல்லது. பிறகு காயவிடுங்கள். பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி மறுநாள் பாருங்கள். உள்ளே வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. இதற்கு வாரக்கணக்கு ஆகும். விசைப்படகுக்குக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. சின்ன ஃபைபர் போட்டுக்கு அந்த ஓய்வு இல்லை. போட்டுக்காரர்தான் மனசு வைக்க வேண்டும்.

• காய்ந்த குழியை எபாக்சிப் பட்டியால் நிரப்பி, மேலே எபாக்சியைப் பல கோட்டாகப் பூசுங்கள்.

செய்யக்கூடாதவை

• உப்பைத் திட்டாதீர்கள். உப்பு குறைந்த தண்ணீர்தான் வேகமாக நுழையும். ஆற்றிலும் கழிமுகத்திலும் மிதந்தே கிடக்கிற போட்டில் கொப்புளம் சீக்கிரம் வரும். தினமும் மணலில் இழுத்துப் போடுகிற போட் இடையிடையே காய்ந்துகொள்ளும்.

• திறக்காமல் பட்டி போட்டு மூடாதீர்கள். பாலியஸ்டர் பட்டி மலிவு, ஆனால் அதுவும் தண்ணீர் குடிக்கும்.

• எபாக்சி மேல் ஜெல்கோட் வேண்டாம், சரியாக இறுகாது. பாலியூரித்தேன் பெயிண்டு அடியுங்கள். எபாக்சி இறுகியதும் மேலே மெழுகு போல ஒரு படிவு வரலாம். தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவாமல் உப்புத்தாள் போடாதீர்கள்.

• எபாக்சிக்கு ஹார்ட்னரைக் கண்ணளவில் ஊற்றாதீர்கள். கூடினாலும் குறைந்தாலும் கெடும்.

• பாலியஸ்டர் வேலையில் கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேராக ஒன்றோடொன்று சேர்க்கவே சேர்க்காதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட்.

• சூடு ஏறுகிற நேரத்தில் பூசாதீர்கள். ஃபோமில் உள்ள காற்று விரிந்து ஈரப் பூச்சைக் குமிழாகத் தள்ளும். கொப்புளத்தை நீங்களே வளர்த்த கதையாகிவிடும். மூன்று மணிக்கு மேல், வெயில் இறங்கும்போது ஆரம்பியுங்கள். பனி விழுவதற்குள் தொட்டால் ஒட்டாத அளவுக்கு இறுகியிருக்க வேண்டும். அன்றைக்கு முடியாதென்று பட்டால் டப்பாவைத் திறக்கவே திறக்காதீர்கள்.