‘வேண்டும்’ ஒன்று, ஆங்கிலத்தில் பல

மாத்திரை அட்டை, பள்ளிச் சுற்றறிக்கை, வாடகை ஒப்பந்தம் என்று வீட்டுக்கு வரும் ஆங்கிலத் தாள்களில் ஒரு குட்டித் துணைவினையைத் தவறாகப் படித்தாலும் பொருளே மாறிவிடும். தமிழில் ‘வேண்டும்’, ‘-லாம்’ என்று இரண்டில் அடங்குவதை ஆங்கிலம் ஏழெட்டாகப் பிரித்து வைத்திருக்கிறது.

1. ‘மஸ்ட்’ என்றால் கட்டாயம். ‘ஷுட்’ என்றால் செய்வது நல்லது. மருந்துச் சீட்டில் ‘மஸ்ட்’ இருந்தால் ஒரு வேளைகூடத் தவறவிடாதீர்கள்.

2. ‘மஸ்ட் நாட்’ என்றால் கூடாது. ‘டோன்ட் ஹேவ் டு’, ‘நீட் நாட்’ இரண்டுக்கும் தேவையில்லை என்று பொருள், விருப்பமிருந்தால் செய்யலாம். என் மகளின் பள்ளி விழாவுக்கு ‘பேரன்ட்ஸ் நீட் நாட் அட்டெண்ட்’ என்று தாள் வந்தது. வரக்கூடாது என்று எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டேன். மற்ற அம்மாக்களெல்லாம் போய்ப் பார்த்திருக்கிறார்கள். மகள் மேடையில் ஆடியதை நான் பார்க்கவில்லை என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு முதலில் இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுங்கள்.

3. ‘மஸ்ட் டு கோ’ தவறு, ‘மஸ்ட் கோ’ சரி. ‘கேன் ஏபிள் டு’ என்பதும் தவறு. ‘கேன்’ மட்டும் போதும். கட்டாயத்தைச் சொல்லும் ‘மஸ்ட்’டுக்கு இறந்தகால வடிவம் கிடையாது. நேற்று போக வேண்டியிருந்தது என்பதற்கு ‘ஹேட் டு கோ’ என்று எழுத வேண்டும்.

4. ‘அவர் போயிருக்க வேண்டும்’ என்று தமிழில் சொன்னால் இரண்டு பொருள் வரும். செருப்பு வாசலில் இல்லை, அதனால் போயிருப்பார் என்ற ஊகம் ஒன்று. போவதுதான் முறை, ஆனால் போகவில்லை என்ற குறை மற்றொன்று. நாம் குரலை வைத்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் சொல்லே மாறும்: ஊகத்துக்கு ‘மஸ்ட் ஹேவ் கான்’, குறைக்கு ‘ஷுட் ஹேவ் கான்’. வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு மின்னஞ்சல் எழுதும்போது இதை மாற்றிப் போட்டால், சாதாரணமாகச் சொன்னது குற்றம் சாட்டியதுபோல் ஆகிவிடும். அனுப்புவதற்கு முன் இந்த ஒரு வரியை மட்டுமாவது திரும்பப் படியுங்கள்.

5. மாத்திரை அட்டையில் ‘மே காஸ் ட்ரவுஸினஸ்’ என்றிருந்தால் தூக்கம் வரலாம் என்று பொருள். எல்லோருக்கும் வந்தே தீரும் என்றல்ல. அதற்குப் பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று தெரியும்வரை வண்டி ஓட்டாமல் இருங்கள்.

6. வாடகை ஒப்பந்தத்தில் வரும் ‘ஷேல்’ வெறும் எதிர்காலம் அல்ல, கடமை. அந்தச் சொல் வரும் இடங்களில் பென்சிலால் கோடிட்டுக்கொண்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

7. ‘யூ மஸ்ட் கம்’ என்று கல்யாணத்துக்கு அழைப்பது அதட்டல் ஆகாது. அவசியம் வரணும் என்று நாம் சொல்வதுபோல் அது அன்பான வற்புறுத்தல்.

8. உறுதியாக ஊகிக்க ‘மஸ்ட் பீ’. அதன் எதிர்ப்பதம் ‘மஸ்ட் நாட் பீ’ என்று பிள்ளைகள் எழுதுவார்கள். ‘கான்ட் பீ’ என்று திருத்துங்கள். இரண்டுங்கெட்டானாக இருந்தால் ‘மைட் பீ’. கரன்ட் போகும்போது பழக்கலாம். நம் வீட்டில் மட்டும் இருட்டா? ‘இட் மஸ்ட் பீ த ஃபியூஸ்.’ ஜன்னலைத் திறந்தால் தெருவே இருட்டாக இருக்கிறதா? ‘இட் கான்ட் பீ த ஃபியூஸ்.’