பழைய இடவிளக்கப் படமும் காரைநகர்க் குளங்களும்

நிலத்தின் மேடு பள்ளம், குளம், வீதி, குடியிருப்பு ஆகியவற்றை அளந்து குறித்த தேசப்படம் இடவிளக்கப் படம் எனப்படும். அதன் துணையால், தூர்ந்துபோன குளங்களைக் கமக்காரர் கண்டறியும் முறை இங்கே கூறப்படுகின்றது.

குளம் ஏன் வேண்டும்?

காரைநகரில் ஆறு இல்லை. நெல் மாரி மழையை நம்பியது. தோட்டப்பயிர் கிணற்றை நம்பியது. நிலத்தடியில் உவர்நீரின் மேல் நன்னீர் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி வரை நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. ஆதலின் மேல்மட்டம் சிறிது தாழினும் உவர் பெரிதும் ஏறும். குளத்தில் தங்கும் மழைநீரே இம்மட்டத்தைக் காக்கின்றது.

படங்கள்

1672இல் வெளிவந்த பால்டேயஸ் பாதிரியாரின் நூலில் யாழ்ப்பாணத் தீவுகளின் படம் உண்டு. அக்காலத்தில் காரைதீவு என வழங்கிய இவ்வூரை ஒல்லாந்தர் அம்ஸ்ரடாம் என்றனர். அப்படம் கரையைக் காட்டுமேயன்றி வயலைக் காட்டாது. 1800இல் தோன்றிய நில அளவைத் திணைக்களம், ஒரு மைலுக்கு ஓரங்குலம் என்ற அளவில் இலங்கையைப் பிற்காலத்தில் 72 தாள்களாக வரைந்தது. நமக்கு உதவுவது இதுவே.

படிக்கும் முறை

1. குறிவிளக்கத்தை முதலிற் படித்து, குளம், வயல், வீதி ஆகியவற்றின் குறிகளை அறிக.

2. இப்படத்தில் சமவுயரக் கோடுகள் நூறடிக்கு ஒன்றாக உள்ளன. காரைநகர் அத்துணை உயரமுடையதன்று. ஆகவே கோடுகளைத் தேடாது, குளங்களின் இருப்பிடத்தைக் கொண்டே பள்ளத்தை உணர்க.

3. ஓர் ஏக்கர் நிலம் இப்படத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் சதுரமே. சிறு கேணியும் துரவும் படத்தில் இடம்பெறா. அவற்றை முதியோரிடம் கேட்டும், காணி உறுதியிலுள்ள வயற்பெயர்களைக் கொண்டும் அறிக.

4. தற்கால 1:50,000 அளவுப் படத்துடன் ஒப்பிடுக. பழையதில் இருந்து புதியதில் இல்லாத குளத்தைக் குறித்துக்கொண்டு, நேரிற் சென்று பார்க்குக.

செய்யவேண்டுவன

கண்டறிந்த குளத்தைப் பகுதிக் கமநல சேவை நிலையத்திற்கு அறிவித்து, அனுமதியுடன் புரட்டாதிக்கு முன்னரே தூர் அகற்றுக. வண்டல் வயலுக்கு நல்ல உரமாகும். அடிக்கல்லை உடைத்து ஆழமாக்குதல் கூடாது, உவர் ஏறும். மழைநீர் வந்துசேரும் வழியை அடைக்காது காக்குக. ஐப்பசி மழை குளத்தில் நின்றால், கோடையிலும் கிணறு நன்னீர் தரும்.